மூச்சை அடக்கியவரின் இரண்டு படங்கள்

போன வாரம், என்னிடம் படித்த உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். மூளைக்கட்டி நோயாளியின் பெட் ஸ்கேன் படம் இப்படியும் இருக்கிறது, அப்படியும் இருக்கிறது, ரிப்போர்ட்டில் என்ன எழுத என்று அழாத குறையாகக் கேட்டாள். தெரியவில்லை என்று எழுதும்மா என்றேன். அதெப்படி மேடம் எழுத முடியும், சர்ஜன் கத்துவாரே என்றாள். கத்தட்டும், கத்தினால் தொண்டை அவருக்குத்தானே வலிக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்ததும் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. எனக்கே இன்னும் பிறக்கவில்லை.

வேலையின் கடைசிச் சில வருடங்கள் நான் தூத்துக்குடியில் இருந்தேன். சொந்த ஊர் பக்கம் என்பதால் வந்தேன். எங்கள் ஸ்கேன் சென்டர் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. மருந்து வெளியூரிலிருந்து காரில் வரும். கதிர் வீசும் சர்க்கரை அது, வரும் வழியிலேயே வீரியம் குறைந்துகொண்டே வரும். எங்கேயாவது உப்பு லாரி ஒன்று பஞ்சராகிக் குறுக்கே நின்றால் அன்றைய பிழைப்பில் பாதி போச்சு. டிரைவருக்குப் போன் போட்டு எங்கே வருகிறாய், எங்கே வருகிறாய் என்று நச்சரிப்பதே எனக்குக் காலை வேலை.

இந்தச் சர்க்கரை உடம்பில் எங்கே அதிகம் செலவாகிறதோ அங்கே படம் பளிச்சென்று இருக்கும். புற்றுக்கட்டி பெருந்தீனிக்காரன், அதனால் மாட்டிக்கொள்வான். ஆனால் மூளையில் இந்த வித்தை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது. மூளையே நாள் முழுக்கச் சர்க்கரை தின்கிற உறுப்பு. கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் லைட்டுக்கு நடுவே ஒரு பல்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக எரிகிறதா என்று தேடுகிற வேலைதான் நமக்கு. அதனால் நான் இரண்டு படம் எடுப்பேன். ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒன்று, ரத்தம் எங்கே அதிகம் ஓடுகிறது என்று அது காட்டும். அப்புறம் நோயாளியை இருட்டறையில் பேசாமல் படுக்க வைத்து, பிறகு இரண்டாவது. சர்க்கரை எங்கே செலவானது என்று அது சொல்லும். ரத்தமும் நிறைய, சர்க்கரையும் நிறைய என்றால் கட்டி உயிரோடு இருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் செத்த திசு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. முதல் படம் தேவையில்லாத வேலை, இந்தம்மாவுக்கு ஒரு பைத்தியம் என்று சிலர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சூசை அண்ணாச்சி அந்த நாட்களில்தான் எங்களிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். இளவயதில் கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். காது கெட்டுப்போனதும் கரையேறி, மீன் ஏலம் கூறப் போய்விட்டார். கடற்கரையில் அவர் குரல் கேட்டால் வியாபாரிகள் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்களாம். இதைச் சொன்னது அவர்தான், அதனால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். முன்பே இடது பக்க மூளையில் கட்டி எடுத்து, கதிர் சிகிச்சையும் கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஏலத்தில் வார்த்தை தடுமாற ஆரம்பித்தது. விளைமீனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீலா என்று வேறு மீனின் பெயரைக் கூவியிருக்கிறார். கூட்டம் சிரித்திருக்கிறது. அவருக்குத்தான் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

எம்.ஆர்.ஐ-யில் பழைய இடத்தில் வீக்கம் தெரிந்தது, பேச்சுக்கான பகுதியை ஒட்டி. கட்டி திரும்ப வளர்கிறதா, இல்லை பழைய கதிர் சிகிச்சை சுட்டுச் சாகடித்த புண்ணா என்று அதில் தெரியாது. இரண்டும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டி என்றால் சர்ஜன் தாமதிக்காமல் திறந்து வழித்து எடுத்துவிடுவார், பேச்சு போனாலும் போகும். புண் என்றால் தொடவே கூடாது, மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். புண்ணைக் கட்டி என்று நினைத்து அறுத்தால் மனுஷன் வீணாக ஊமையாவார். கட்டியைப் புண் என்று நினைத்து விட்டால் உயிரே போகும். இதில் எது என்று நான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி லூர்தம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதுவாக இருந்தாலும் தன்னிடம் மட்டும் சொல்லுங்கள், அவர் காதில் போடாதீர்கள் என்றார். அவரோ ஊசி போடும் நாற்காலியில் இருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு டாக்டரம்மா ரகசியம்? கையி போனாலும் காலு போனாலும் ஒரு மாதிரி தள்ளிருவேன். வாய மட்டும் எடுத்துராதீய."

படம் எடுத்தோம். பார்த்தேன், எனக்குத் தலை சுற்றியது. சர்க்கரைப் படத்தில் அந்த இடத்தின் ஓரம் எரிகிறது. ரத்தப் படத்தில் அதே இடம் இருட்டு. தின்கிறான், ஆனால் சோறு வரும் வழியே இல்லை. இது என்ன கூத்து? புண்ணிலும் சில நேரம் வீக்கத்தால் சர்க்கரை ஏறும் என்பது தெரியும். அப்படியென்றால் புண்தான். ஆனால் அவ்வளவு எரியுமா? மறுபடி பார்த்தேன், இன்னும் குழப்பம். அந்த ஓரம் இருட்டாக இருந்தது மட்டுமில்லை, மற்ற மூளை முழுக்கவே ரத்தம் வழக்கத்துக்கு மேலே பொங்கி ஓடுவது போல இருந்தது. ஊசி நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டதோ என்று கையைப் பார்த்தேன், கசியவில்லை. மெஷினில் கோளாறோ என்று சோதித்தோம், அதுவும் இல்லை. டெக்னீசியன் பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவள் பாவம், என்ன செய்வாள்.

சர்ஜன் போன் செய்தார். நல்ல மனுஷன், கை சுத்தம், பொறுமை மட்டும் கிடையாது. கட்டியா புண்ணா, எனக்கு ஒரு வார்த்தை போதும் என்றார். புண் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ரத்தம் இல்லையே, அதைச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. லூர்தம்மாளும் சந்தோஷப்படுவார். அந்த நேரத்தில் நம் மனசு எந்தப் பதிலை விரும்புகிறதோ அதற்கு வக்கீலாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? ஆதாரங்களை வரிசையாக எடுத்து வைக்கும். எனக்கு வைத்தது. நான் இன்னொரு தடவை எடுக்கிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார்.

அடுத்த முறை மருந்து வந்த அன்று ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நானே போய் நின்றேன். அண்ணாச்சி மேசையில் படுத்தார். ஊசிக்குழாய் மாட்டியாகிவிட்டது, மருந்து இன்னும் செலுத்தவில்லை. மேசை மெதுவாக மெஷினின் வாய்க்குள் போனது. நான் திரையில் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, பிறகு நின்றது. காத்திருந்தேன், அசையவே இல்லை. வலிப்பு வந்து மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். மேசையை வெளியே இழு என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அவசர மருந்துத் தட்டோடு டெக்னீசியன் பெண்ணும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். ரொம்ப நிதானமாக ஒரு மூச்சை வெளியே விட்டார்.

"என்னா டாக்டரம்மா, எதுக்கு இப்படி ஓடி வாரீய?"

மூச்சு ஏன் நின்றது என்று கேட்டேன். எனக்கு அப்போது மூச்சு வாங்கியது.

"நிக்கல, நாந்தான் அடக்குனேன். உள்ள போறோம்லா? உள்ள போனா மூச்சு விடலாமா?"

அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இத்தனை வருஷம் கடலில் இறங்கிய உடம்பு. தலை ஒரு பொந்துக்குள் நுழைகிறது என்றதும் தானாக மூச்சைக் கட்டிக்கொள்கிறது. போதாததற்கு முன்பு வேறு ஸ்கேன்களில் மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்லிப் பழக்கியும் விட்டிருக்கிறார்கள். போன தடவையும் அப்படித்தானா என்று கேட்டேன். போன தடவை ஊசி போட்டதும் நல்லா ஒரு முங்கு முங்கினேன், கொஞ்சம் மேலே வந்துவிட்டு மறுபடி ஒரு முங்கு என்றார், பெருமையாக.

மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். ஏறினால் மூளைக் குழாய்கள் விரிந்து நல்ல பகுதி முழுக்க ரத்தம் பாயும். கட்டியின் குழாய்களுக்கு அந்தப் புத்தி கிடையாது, அவை விரியாது. சுற்றிலும் வெள்ளம் ஏறும்போது கட்டி மட்டும் வறண்டு கிடப்பது போலத் தெரியும். நான் செத்த திசு என்று எழுத இருந்தது, ஒரு மனுஷன் மூச்சை அடக்கிப் படுத்திருந்த படத்தை வைத்து. அன்று அந்தப் போனில் வாயைத் திறந்திருந்தால்?

சரி, கண்டுபிடித்துவிட்டோம், இனி சாதாரணமாக மூச்சு விடச் சொல்லிப் படம் எடுத்தால் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணாச்சி, சாதாரணமா மூச்சு விடுங்க என்றேன். இதைப் படிக்கிற நீங்களே இப்போது சாதாரணமாக மூச்சு விட்டுப் பாருங்கள். முடிகிறதா? அவருக்கும் முடியவில்லை. மறுபடி அடக்கிவிடக் கூடாது என்கிற பயத்தில் புசுபுசுவென்று இழுத்து விட ஆரம்பித்தார். மைக்கில் மெதுவா, மெதுவா என்றேன். மெதுவா என்றதும் மறந்துபோய் அடக்கினார். விடுங்க என்றேன், இரைத்தார். மருந்தோ ஒவ்வொரு நிமிஷமும் வீரியம் இழந்துகொண்டிருக்கிறது. கடைசியில் ஓரளவு சீராக வந்ததும், வருகிறது வரட்டும் என்று செலுத்தச் சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை ரத்தப் படத்தில் அந்த ஓரத்தின் ஒரு மூலை நன்றாக எரிந்தது. பேச்சுப் பகுதியை உரசிக்கொண்டு நிற்கிற மூலை அது. மீதி இடம் பழையபடி இருட்டு. அப்படியானால் கட்டிதான் என்று பேனாவை எடுத்தேன், எடுத்ததும் கை நின்றுவிட்டது. அவர் இரைத்தாரே? இரைத்தால் கரியமில வாயு குறையும். நல்ல மூளையில் ரத்தம் வற்றும், கட்டி மட்டும் வற்றாது. அப்போது கட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியுமே. ஒரு படம் மறைக்கிறது, ஒரு படம் மிகைப்படுத்துகிறது. நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது. அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி எடுத்தால்? இந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் அந்த மெஷினுக்குள் சும்மா மூச்சு விட மாட்டார், நான்தான் அதைக் கெடுத்துவிட்டேனே.

அன்று சாயங்காலம் அவரையும் லூர்தம்மாளையும் உட்கார வைத்து இரண்டு படத்தையும் காட்டினேன். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அந்தம்மா கேட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் மூச்சு அவருடையது, வாயும் அவருடையது, அவரை வெளியே உட்கார வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் ரொம்ப நேரம் படங்களைப் பார்த்தார்.

"அடக்குன படத்துல ஒண்ணுமில்லன்னுதான தெரியுது?"

ஆமாம் என்றேன்.

"அப்போ அதையே குடுத்திருங்க டாக்டரம்மா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். லூர்தம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து, "சும்மா இருங்களாம், அவுக என்ன கடைக்காரியா" என்று மட்டும் சொன்னார்.

ரிப்போர்ட்டை எழுதினேன். பெரும்பகுதி செத்த திசுவாக இருக்கலாம், ஒரு மூலையில் உயிருள்ள கட்டி இருக்கலாம், இரண்டு முறையும் நோயாளியின் மூச்சு இயல்பாக இல்லை, ஆகவே ரத்த ஓட்டத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எந்த முறை மூச்சு எப்படி இருந்தது, அதனால் படம் எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். பிள்ளைகளே, போனில் சொல்லாமல் விட்டது இதைத்தான். தெரியவில்லை என்று எழுதக் கை கூச வேண்டாம். ஆனால் ஏன் தெரியவில்லை என்பதைக் குடைந்து பார்க்காமல் அப்படி எழுதினால் அது சோம்பேறித்தனம். தெரியாததற்கும் ஒரு எல்லை உண்டு, எந்த மூலை தெரியவில்லை என்று காட்டிக் கொடுக்கலாம்.

சர்ஜன் கத்தினார். உங்கள் குழப்பத்தை எழுதிக் கொடுக்கவா உங்களிடம் அனுப்பினேன் என்றார். குழப்பம் என்னுடையது இல்லை சார், அந்த மூளையில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நானும் கத்தினேன். மறுநாள் வந்தே விட்டார். திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். முறைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தோம். அந்த மூலையை அவர் விரலால் சுற்றிச் சுற்றிக் காட்டி, இதை மட்டும் தொட்டால் போதுமா, மற்றதை விட்டுவிடலாமா என்று கேட்டார். தெரியவில்லை சார், ஆனால் தொடுவதென்றால் அங்கே தொடுங்கள் என்றேன். அப்படியானால் ஆளை முழித்திருக்க வைத்தே செய்கிறேன், பேசிக்கொண்டே இருக்கட்டும் என்றார்.

அந்த ஆபரேஷனில் நான் இல்லை. சர்ஜன் சொல்லித்தான் தெரியும். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னால் அண்ணாச்சிக்குச் சலித்துவிட்டதாம். ஏலம் கூறட்டுமா என்று கேட்டிருக்கிறார். கூறுங்கள் என்றதும், மண்டை திறந்தபடி, பாறை மீனும் நெத்திலியும் கூடை கூடையாக விற்றிருக்கிறார். மயக்க டாக்டர் ஒரு கூடையை ஏலத்தில் எடுத்துவிட்டாராம். அந்த மூலையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் விலை நின்றது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சர்ஜன் கையை எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து விலை திரும்ப வந்தது. அதற்கு மேல் அவர் போகவில்லை, கட்டியில் கொஞ்சம் அங்கேயே இருந்துவிட்டது. எடுத்ததைச் சோதித்தபோது செத்த திசுவும் இருந்தது, உயிருள்ள கட்டியும் இருந்தது. அதாவது என் இரண்டு படமும் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பொய். சர்ஜன் இதைப் போனில் சொல்லிவிட்டு, சந்தோஷமா என்று கேட்டார்.

அண்ணாச்சி திரும்ப ஏலத்துக்குப் போனார். நான் ஒருநாள் விடியலில் கடற்கரைக்குப் போய்த் தள்ளி நின்று கேட்டேன். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில் கழிக்க வேண்டியது எதுவுமே இல்லை. என்னைப் பார்த்ததும் விலையை நிறுத்தாமலே, டாக்டரம்மாவுக்கு வழி விடுங்கடே என்று அதே ராகத்தில் கூவினார். வெட்கத்தில் ஓடியே வந்துவிட்டேன்.

நடுநடுவே ஸ்கேனுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் படம் குழப்பமாகவே இருந்தது. மருந்தால் வந்ததா, தழும்பா, மிச்சமிருந்த கட்டியா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் அவர் என்ன என்று கேட்பார், உறுதியாகத் தெரியவில்லை அண்ணாச்சி என்பேன், சரி என்று கிளம்பிப் போவார். நான் அதை என் தோல்வியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல மருந்து, நல்ல மெஷின் இருந்தால் இவருக்கு ஒரு பதில் சொல்லலாமே என்று ஆற்றாமையாக இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒருநாள் வந்தார். அன்று அவர் மூச்சு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ரத்தப் படம், சர்க்கரைப் படம் இரண்டும் ஒன்றையே சொன்னது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகூடப் பார்த்த உடனே சொல்லிவிடும். கட்டி பேச்சுப் பகுதியைத் தாண்டி ஆழமாக இறங்கியிருந்தது. இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு தெளிவான படத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எப்படியாவது ஒரு சந்தேகம் கிடைக்காதா என்று திரையைத் துழாவினேன், கிடைக்கவில்லை.

என் அறைக்குள் வந்து அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் லூர்தம்மாள். என் முகத்தைப் பார்த்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"நீங்க தெரியலன்னு சொல்லுத நாளெல்லாம் எனக்கு நல்லா தூக்கம் வரும் டாக்டரம்மா. இன்னைக்கும் அப்படியே சொல்லிருங்க."

லூர்தம்மாளும் என்னையே பார்த்தார். சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதானே. நான் மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்குத் தெரியுது அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். லூர்தம்மாள் பக்கம் திரும்பி, "ஏளா, எழும்பு, வீட்டுக்குப் போவோம்" என்றார்.